டி.ஏ. பைக்குள் என்ன இருக்க வேண்டும்?

ஆகஸ்டில் அமெரிக்கா கிளம்புகிறவர்களில் டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப், அதாவது படித்துக்கொண்டே கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டி.ஏ. வேலை, கிடைத்தவர்கள் தனி ரகம். படிக்கப் போவதற்கான பட்டியலோடு, சொல்லிக்கொடுக்கப் போவதற்கான பட்டியல் ஒன்றும் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. குக்கருக்கு எத்தனை கேஸ்கட் எடுத்துப் போக வேண்டும் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆயிரம் பேர் உண்டு. இந்த இரண்டாவது பட்டியலைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

முதலில் ஒரு தடை உத்தரவு: அறையைப் பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள். "புதிய டி.ஏ.க்குத் தேவையான 25 பொருட்கள்" என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் பாதி அலமாரியில் தூங்கும். கரும்பலகை உள்ள அறைக்கு மார்க்கர் எதற்கு?

அறை எண் தெரிந்ததும், வகுப்பு நடக்காத நேரமாகப் பார்த்து லேப்டாப்போடு போங்கள். கதவு பூட்டியிருந்தால் யாரிடம் சாவியோ கார்டு அனுமதியோ கேட்க வேண்டும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். கரும்பலகையா வெள்ளைப் பலகையா, ப்ரொஜெக்டர் கேபிளின் முனை எது, பிளக் பாயின்ட் மேசையிலிருந்து எவ்வளவு தூரம், கடைசி வரிசையிலிருந்து பலகையின் கீழ்ப்பகுதி தெரிகிறதா என்று நான்கு விஷயம் பார்த்தால் போதும். இந்த நான்காவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. தரை சமதளமாக இருக்கும் அறையில் முன்வரிசைக்காரர்களின் தலைகள் பலகையின் அடிப்பாகத்தை மறைத்துவிடும். அங்கே எழுதுவது உங்களுக்காக மட்டும்தான். ஒரே சமன்பாட்டை இரண்டு மூன்று அளவுகளில் எழுதிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். சிரமமில்லாமல் படிக்க முடிகிற அளவுதான் இனி உங்கள் பலகைக் கையெழுத்து.

அடுத்த நடை துறை அலுவலகத்துக்கு. பெரும்பாலான துறைகளில் மார்க்கர், சாக்பீஸ், பேனா, உறை எல்லாம் அடுக்கிய அலமாரி ஒன்று இருக்கும். கேட்டால்தான் காட்டுவார்கள். கூடவே ஜெராக்ஸ் மெஷினின் குறியீட்டு எண், ஒரு செமஸ்டருக்கு எத்தனை பக்க வரம்பு, ஸ்கேனர் எங்கே, தேர்வுத் தாள்களைப் பூட்டி வைக்க டிராயர் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்காசில் வாங்கினால் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆசிரியர்களுக்கான அந்த வரிக்கழிவு பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளி ஆசிரியர்களுக்குத்தான், டி.ஏ.க்களுக்குக் கிடையாது.

பலகையும் அதன் தொல்லைகளும்

வெள்ளைப் பலகை என்றால் பட்டை முனை வைத்த, நெடி குறைந்த மார்க்கர்கள் வாங்குங்கள். கறுப்பு 4, நீலம் 2, சிவப்பு 1. ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி ஓடிவிடும். எட்டு நிறப் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் அதிலுள்ள ஆரஞ்சும் வெளிர்பச்சையும் நான்காவது வரிசையைத் தாண்டாது. "சிவப்புக் கோடு இது, பச்சைக் கோடு அது" என்று நிறத்தை மட்டும் நம்பிப் படம் போடாதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. 24 பேர் வகுப்பில் ஓரிருவர் அப்படி இருக்கக்கூடும். அவர்கள் கையைத் தூக்கிச் சொல்லவும் மாட்டார்கள். ஒரு கோட்டை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மார்க்கர் சீக்கிரம் செத்துப்போவதற்கு இரண்டு காரணம். மூடியை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தாதது ஒன்று. குவளையில் முனை மேலே பார்க்க நிறுத்தி வைப்பது இன்னொன்று. மை கீழே இறங்கிவிட முனை காய்ந்துபோகும். படுக்கவைத்தே வையுங்கள். காய்ந்ததைத் திரும்பவும் பலகைத் தட்டிலேயே வைக்கும் வழக்கம் உலகப் பொதுவானது. உங்களுக்குப் பின்னால் வரும் டி.ஏ.வை நினைத்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

பலகை மார்க்கரையும் ஷார்ப்பி போன்ற அழியாத மார்க்கரையும் ஒரே பவுச்சில் வைக்காதீர்கள். பேச்சு மும்முரத்தில் கை எதை எடுக்கிறது என்று பார்க்க மாட்டீர்கள். அழியாத மையால் எழுதிவிட்டால் பதற வேண்டாம்: அதே கோட்டின் மேல் பலகை மார்க்கரால் தடவி எழுதி, ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள். அதிலுள்ள கரைப்பான் பழைய மையையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும். வாரக்கணக்கில் யாரும் அழிக்காமல் விட்டுவைத்த எழுத்துக்கும் இதே வைத்தியம்தான். பலகை முழுவதும் சாம்பல் பூத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைக்கலாம். சின்ன ஸ்ப்ரே பாட்டில் ஒன்றும் துணி இரண்டும் பையிலேயே இருக்கட்டும்.

கணிதத் துறை, இயற்பியல் துறை என்றால் கரும்பலகைக்கு அதிக வாய்ப்பு உண்டு. அலமாரியில் இருக்கும் மலிவு சாக்பீஸ் உதிரும், நடுவில் ஒடியும், விரலெல்லாம் மாவாகும். கணிதக்காரர்கள் உருகும் ஹகொரோமோ சாக்பீஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானில் அதைச் செய்த நிறுவனம் 2015-ல் மூடப்பட்டபோது, கையிருப்பு தீரும் முன் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்த பேராசிரியர்கள் உண்டு. பிறகு ஒரு கொரிய நிறுவனம் இயந்திரங்களையும் செய்முறையையும் வாங்கித் தயாரிப்பைத் தொடர்ந்ததால் இப்போதும் கிடைக்கிறது. மேலே மெல்லிய பூச்சு இருப்பதால் விரலில் ஒட்டாது. கோடும் அடர்த்தியாக விழும். வாரத்துக்கு மூன்று வகுப்பு எடுப்பவருக்கு அந்த விலை நியாயமே. வாரத்துக்கு ஒன்று என்றால் அலமாரிச் சரக்கே போதும். சாக்பீஸ் பிடிப்பான் வாங்குவதானால் அதன் வாய் அகலத்தைப் பாருங்கள். ஹகொரோமோ சாதாரண அமெரிக்க சாக்பீஸைவிடச் சற்றுத் தடிமன், எல்லாப் பிடிப்பானிலும் நுழையாது.

கீச்சென்று பல் கூசும் சத்தம் வருவது சாக்பீஸ் பலகையில் விட்டுவிட்டுப் பிடித்து நகர்வதால். பாதியாக ஒடித்துக்கொண்டு, செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்துப் பிடித்தால் நின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தால் பலகை பளிச்சென்று இருக்கும், ஆனால் காயும்வரை எழுத்து பிடிக்காது. வகுப்பு முடிந்தபின் ஈரத்துணி, வகுப்பின் நடுவே உலர்ந்த டஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரொஜெக்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய அறைகளில் ஹெச்.டி.எம்.ஐ., பழைய அறைகளில் இன்னும் வி.ஜி.ஏ.; இரண்டு முனையும் உள்ள யூ.எஸ்.பி-சி அடாப்டர் ஒன்று வாங்கினால் எங்கும் பிழைக்கலாம். லேப்டாப்பில் யூ.எஸ்.பி-சி துளை இருப்பதாலேயே படம் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். மலிவு மாடல்கள் சிலவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டும்தான். ஸ்லைடு நகர்த்தும் கிளிக்கரின் ரிசீவர் பெரும்பாலும் பழைய அகல யூ.எஸ்.பி.; அதற்கும் அடாப்டரில் ஒரு துளை வேண்டும். கிளிக்கருக்கு மாற்று பேட்டரி இரண்டு. லேசர் புள்ளி துணித் திரையில் தெரியும், பெரிய டி.வி. மாட்டிய அறையில் அநேகமாகக் கண்ணுக்கே படாது. அங்கே மவுஸ் அம்பே மேல். வகுப்புக்கு முன் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களைத் திரையில் ஏற்ற வேண்டாம். இந்திய லேப்டாப் சார்ஜரின் மின்கட்டி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அங்குள்ள 120 வோல்ட்டுக்குச் சுவரில் செருகும் கம்பியை மட்டும் மாற்றினால் போதும்.

ஏ4 மறந்துவிடுங்கள்

நம்மூர்க்காரர்கள் முதல் வாரத்தில் தவறாமல் இடறும் இடம் காகிதம். அங்கே ஏ4 கிடையாது, லெட்டர் அளவு: 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். ஏ4 அதைவிட 6 மி.மீ. குறுகல், 18 மி.மீ. நீளம். ஏ4-ல் தயாரித்த வினாத்தாளை அனுப்பினால் சில இயந்திரங்கள் கடைசி வரியை வெட்டும். சிலது ஏ4 தாள் கேட்டு நின்றுவிடும், பின்னால் வரிசையில் இருப்பவர்கள் உங்களைத் தேடுவார்கள். வேர்டில் பக்க அளவையும், சமன்பாடு அச்சிட உதவும் லேடெக்ஸ் மென்பொருளில் ஏ4பேப்பர் என்பதை லெட்டர்பேப்பர் என்றும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கோப்புகளும் அப்படியே. நம் ஃபைல்களில் இரண்டு துளை. அங்கே இடப்பக்கம் மூன்று துளை, மூன்று வளைய பைண்டர். விடைத்தாள் கட்டும் டேக் கயிற்றை அங்கே யாருக்கும் தெரியாது. ஊரிலிருந்து ஸ்டேப்ளர் எடுத்துப் போனால் அதற்கான நம்பர் 10 பின்னையும் மூட்டை கட்ட வேண்டும். அங்குள்ள கால் அங்குலப் பின் அதில் நுழையாது. அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்வது மேல், ஒரே குத்தில் 20 தாள் பிடிக்கும். பின் பிடுங்கியையும் சேர்த்து வாங்குங்கள், ஏன் என்று கீழே வருகிறது. ஊரிலிருந்து எடுத்துப் போகத் தகுந்தவை சிவப்பு, பச்சை ஜெல் பேனாக்கள் 20, நீங்கள் பழகிய கேசியோ கால்குலேட்டர், தொண்டைக்குப் பனங்கற்கண்டு ஒரு பொட்டலம். மூன்று மணி நேரம் தொடர்ந்து பேசிப் பழகாத தொண்டைக்குக் கடைசிப் பொருளின் அருமை இரண்டாம் வாரம் தெரியும்.

கடையில் கேட்கும் சொற்களும் மாறும். ரப்பர் என்று கேட்காதீர்கள், அங்கே அது ஆணுறைக்கான பேச்சுச் சொல். வகுப்பில் "யாரிடமாவது ரப்பர் இருக்கிறதா" என்று கேட்டால் அந்த செமஸ்டர் முழுக்கச் சிரிப்பு தொடரும். இரேசர் என்பதுதான் சொல். பலகை துடைக்கும் டஸ்டருக்கும் அதேதான். ஸ்கேல் அங்கே ரூலர், ஸ்கெட்ச் பேனா மார்க்கர், செல்லோ டேப் ஸ்காட்ச் டேப், ஒயிட்னர் ஒயிட்-அவுட், பரீட்சை அட்டை கிளிப்போர்டு, ஜெராக்ஸ் காப்பி. தேர்வறை மேற்பார்வைக்கு ப்ராக்டரிங். பலகையில் இசட் எழுதும்போது ஸீ என்று சொல்லிப் பழகுங்கள். "எனி டவுட்ஸ்" என்றால் சிலர் விழிப்பார்கள். "எனி கொஸ்டின்ஸ்" என்பது அங்கே வழக்கு.

ஜூலை, ஆகஸ்டில் பள்ளித் திறப்புத் தள்ளுபடி நடக்கும். டார்கெட், வால்மார்ட்டில் பென்சில், பேனா, ஃபோல்டர் எல்லாம் சில்லறைக் காசுக்கு வரும். அறையைப் பார்க்காமல் வாங்கலாம் என்றால் இவற்றை மட்டும். 3க்கு 5 அங்குல இண்டெக்ஸ் கார்டு 100 உள்ள கட்டு இரண்டும் அப்போதே எடுத்துவிடுங்கள். முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்துப் பெயர், கூப்பிட வேண்டிய விதம், முன்பு படித்த பாடம், பயப்படும் பகுதி என்று எழுதி வாங்கலாம். வகுப்பு முடிவில் "இன்று புரியாதது எது" என்று ஒரு வரி எழுதி வாங்கவும் இதுவே. வாய் திறந்து கேட்காத பிள்ளைகள் கார்டில் எழுதுவார்கள்.

தாள் திருத்தும் கணக்கு

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. பாதி நேர டி.ஏ. பதவி என்பதும் பெரும்பாலும் அதே 20 மணி நேரம்தான். இதில் திருத்துவதற்கு எவ்வளவு மிஞ்சும் என்று போட்டுப் பாருங்கள். பேராசிரியரின் வகுப்பைப் பிரித்து உங்களிடம் விடும் மூன்று பிரிவுகளுக்கு 3 மணி, அவருடைய விரிவுரையில் உட்கார 3 மணி, மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் ஆபீஸ் அவர்ஸ் 2 மணி, தயாரிப்பு 3 மணி. மிச்சம் 9. ஒரு பிரிவுக்கு 24 பேர் என்றால் 72 தாள். தாளுக்கு 4 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்றாலே 432 நிமிடம், அதாவது 7 மணிக்கு மேல். ஒன்றரை நிமிடம் மூன்றானால் வாரம் உடைந்துவிடும். அதனால் திருத்தும் மேசையில் முக்கியக் கருவி பேனா அல்ல, சமையலறை டைமர். போனில் உள்ள டைமர் உதவாது. போனை எடுத்தால் அரை மணி போய்விடும். தினமும் எத்தனை மணி வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மணி மிஞ்சும்போது பேராசிரியரிடம் பேச அந்த நோட்டுதான் ஆதாரம்.

முதல் 8 தாள்களை மதிப்பெண் போடாமல் படியுங்கள். எந்தத் தவறு அடிக்கடி வருகிறது என்று தெரிந்தபின் அதற்கு எவ்வளவு குறைப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள். தாள் தாளாகத் திருத்தாமல் முதல் கேள்வியை எல்லோருக்கும், பிறகு இரண்டாவதை எல்லோருக்கும் என்று போனால் அளவுகோல் ஒரே சீராக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் கட்டைக் கலைத்துப் போடுங்கள்; எப்போதும் கடைசியில் இருப்பவர் உங்கள் களைப்புக்குத் தண்டம் கட்டக்கூடாது. ஓரத்தில் கொடுத்த மதிப்பெண்ணை எழுதுங்கள், இல்லை குறைத்ததை எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் கூட்டலில் பிழை வரும், மாணவர் வாசலில் நிற்பார். பேனா நிறம் எதுவானாலும் மாணவர் எழுதிய நிறமாக மட்டும் இருக்கக்கூடாது.

இன்று பல துறைகளில் தாளை ஸ்கேன் செய்து கிரேடுஸ்கோப் என்ற மென்பொருளில் திருத்துகிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டி.ஏ.க்களாக இருந்தவர்கள் 2014-ல் தொடங்கியது அது. அதனால்தான் திருத்துகிறவரின் வலி தெரிந்து செய்திருக்கிறார்கள். பாதியில் அளவுகோலை மாற்றினால் முன்பு திருத்திய தாள்களுக்கும் தானாக மாறும். ஆனால் ஸ்கேனருக்குத் தாளைத் தயார் செய்வது உங்கள் தலையில். பின் அடித்த தாளை அப்படியே ஊட்டினால் சிக்கும், கண்ணாடியிலும் கீறல் விழும். 20 தாள் என்றால் பின் பிடுங்கி. 200 என்றால் பேப்பர் கட்டரில் மூலையை வெட்டுவதே வழி. அதற்காக வினாத்தாளின் இடது மேல் மூலையில் 3 செ.மீ. வெற்றிடம் விட்டு அச்சடியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் எழுத இடம் வையுங்கள். வெட்டியபின் கலைந்தால் அதுதான் காப்பாற்றும். மங்கலான பென்சில் எழுத்துக்கு ஸ்கேன் துல்லியத்தை 300 டிபிஐ-க்குக் கீழே இறக்காதீர்கள்.

திருத்திய தாளை அறை வாசலில் குவித்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விடாதீர்கள். நம் கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது சகஜம். அங்கே 1974-ல் வந்த, மாணவர்களின் அந்தரங்கம் காக்கும் ஃபெர்ப்பா சட்டப்படி ஒருவரின் மதிப்பெண் மற்றவர் கண்ணில் படக்கூடாது. எலாஸ்டிக் போட்ட மூடிய ஃபோல்டர் பிரிவுக்கு ஒன்று, வேறு வேறு நிறத்தில், மூன்று வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் இருக்கட்டும். சொந்த ஜிமெயிலிலோ பென் டிரைவிலோ வேண்டாம்.

தேர்வு நாளுக்குத் தனியாக ஒரு ஜிப் பை கட்டி வைத்துவிடுங்கள். நம்பர் 2 பென்சில் 12, நம்மூர் ஹெச்.பி.தான் அது. வட்டம் நிரப்பும் ஸ்கேன்ட்ரான் விடைத்தாளை இயந்திரம் படிக்க அந்தக் கருமை வேண்டும். துருவி ஒன்று, இரேசர் இரண்டு, பேனா 6, ப்ளூ புக் எனப்படும் நீல அட்டை விடைப் புத்தகம் 5. சாட்ஜிபிடி வந்தபிறகு ப்ளூ புக்குக்குத் திரும்ப மவுசு. கூடுதல் வினாத்தாள் 5, பெரிய உறை, மாஸ்கிங் டேப், சுவர்க்கடிகாரம் இல்லாத அறையென்றால் பெரிய எண் காட்டும் சின்னக் கடிகாரம். இரண்டு வகை வினாத்தாள் என்றால் வெளிர்நிறத் தாளில் ஆளுக்கொரு நிறமாக அச்சடித்து, விநியோகிக்கும் முன்பே மாறி மாறி அடுக்கிவிடுங்கள். வரிசையில் கைமாற்றும்போது பக்கத்தில் இருப்பவருக்குத் தானாக வேறு தாள் போகும். அடர்நிறம் ஸ்கேனில் கறுத்துவிடும். கொடுத்தது எத்தனை, வந்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று அறையை விட்டு வெளியேறும் முன் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அப்போதே தேட முடியும். மறுநாள் "நான் கொடுத்தேனே" என்பவருக்குப் பதில் இருக்காது.

ஆய்வகத்தில் டி.ஏ. என்றால்

வேதியியல், உயிரியல் ஆய்வகம் என்றால் பாதுகாப்புக் கண்ணாடிக்காகப் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள். இசட்87 என்ற பாதுகாப்புத் தரக்குறி பொறித்த, முகத்தோடு ஒட்டி மூடும் ரகம் வேண்டும்; தெறிப்பைத் தாங்கும் வகையில் டி3 என்ற குறியும் இருக்கும். மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் மாட்டும் பெரிய அளவும் உண்டு. உள்ளே பனி படர்ந்தால் மாணவர்கள் கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பைத் தேய்த்து மென்துணியால் துடைத்துவிட்டால் படராது. கோட் பருத்தியில் இருக்கட்டும், பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். துப்பட்டாவும் செருப்பும் வாசலோடு சரி. நைட்ரில் கையுறையை எல்லாவற்றுக்கும் நம்பாதீர்கள், அசிட்டோனும் டைகுளோரோமீத்தேனும் அதைச் சீக்கிரமே ஊடுருவிவிடும்; பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும். குடுவையில் ஷார்ப்பியால் எழுதிய பெயர் எத்தனால் பட்டால் காணாமல் போகும்; டேப் ஒட்டிப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். கூந்தல் கட்டும் ரப்பர் பேண்டு பத்துப் பதினைந்து பையில் இருந்தால் வாரம் ஒருவராவது வாங்குவார். இதில் ரப்பர் என்ற சொல்லுக்கு ஆபத்தில்லை.

ஆபீஸ் அவர்ஸுக்கு வேண்டியது கொஞ்சம்தான். லெட்டர் தாள் அளவுச் சின்ன வெள்ளைப் பலகை, ஒருபக்கம் அச்சான பழைய தாள் கட்டு, டிஷ்யூ பெட்டி. மார்க்கரை மாணவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவர் எங்கே நிற்கிறார் என்று அப்போதுதான் தெரியும். டிஷ்யூ பெட்டி, செமஸ்டர் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்வுக்கு மறுநாள் தேவைப்படும்.

செமஸ்டர் முடிந்ததும், மாணவர்கள் வாங்கிப் போகாத தாள்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். காலம் முடிந்தவற்றைச் சாதாரணக் குப்பையில் போடாமல், துண்டாக்குவதற்கென்று பூட்டி வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மிஞ்சிய மார்க்கரையும் அலமாரியில் வைத்துவிடலாம். மூடி 'டக்' என்று சத்தம் வந்ததா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு.